மேலும் கீழும் ஒரே நேரத்தில்

மார்ச் 4, புதன்

அக்காவுக்கு,

உங்கள் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதால் இந்தக் கடிதம். மீட்டர் பெட்டிக்குள் வைக்கிறேன். அது இரண்டு வீட்டுக்கும் பொதுப் பெட்டி. அதில் கை விட்டால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.

வீட்டை அளந்து விலை போட நேற்று மாலை நாலு மணிக்கு வருவதாக இருந்த வங்கி மதிப்பீட்டுக்காரர் காலையிலேயே வந்துவிட்டுப் போனாராம். வேறு ஏதோ வீட்டில் ஆள் இல்லையாம், நேரம் மிச்சமாம். உங்களுக்குப் போன் செய்தாராம், நீங்களும் வரச் சொன்னீர்களாம். கீழே அளந்து முடித்துவிட்டு மேலே வந்து மணி அடித்துப் பார்த்திருக்கிறார். நைட் டியூட்டி முடிந்து வந்தால் மணியின் வயரைக் கழற்றி, போனையும் அணைத்துவிட்டுத்தான் நான் படுப்பேன். இது இந்தத் தெருவுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா? அந்த மனிதர் இரும்புப் படியில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது நீங்கள் ஒரு தட்டு தட்டி என்னை எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை.

பத்திரத்தில் இது ஒரே வீடு. நம் வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரில் இருந்தாலும் ஒரே வீடுதான். மேலும் கீழும் ஒரே தடவையில் பார்த்தால்தான் மதிப்பீடு செல்லும் என்று தரகர் படித்துப் படித்துச் சொன்னார். வாங்குகிறவர்களுக்கு வங்கி கொடுத்திருக்கும் கடன் ஒப்புதல் இந்த மாதக் கடைசியோடு காலாவதி. அறிக்கை எழுத அவர்களுக்குப் பத்து நாள் வேண்டுமாம். அப்படியென்றால் நமக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

என் வீட்டுக்காரர் வெளியூருக்கு வேலைக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. வீடு விற்றால்தான் அங்கே நாங்கள் ஒரு வீடு பார்த்து நான் போய்ச் சேர முடியும். விற்காவிட்டால் இன்னும் ஒரு வருடம், அப்புறம் இன்னும் ஒரு வருடம். எனக்கு இது விளையாட்டு இல்லை, அக்கா.

மாடியிலிருந்து


மார்ச் 5, வியாழன்

மேல் வீட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. மீட்டர் பெட்டியில் கை விட்டபோது பல்லி விழுந்தது. அதையும் சேர்த்து உன் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

அந்த ஆள் வந்த நேரம் எப்படிப்பட்ட நேரம் தெரியுமா? பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும் நேரம். நான் நடத்துவது குழந்தைக் காப்பகம், சத்திரம் இல்லை. அவர் கையில் சிவப்புப் புள்ளி விழுகிற ஒரு கருவி. சுவரில் புள்ளியைப் பார்த்ததும் எல்லாப் பிள்ளைகளும் தட்டை விட்டுவிட்டு அதைப் பிடிக்க ஓடின. ஒன்று அவர் காலைக் கட்டிக்கொண்டது. அந்தக் களேபரத்தில் அவர் என்னைப் பார்த்து, "மேல ஆள் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். "இருக்காங்க. ஆனா எழுப்புற வேலை என்னுது இல்ல"ன்னு சொன்னேன். சொன்னதை நான் மறைக்கவில்லை.

உன் கதவை நான் ஒருமுறை தட்டியிருக்கிறேன். கை வீங்கும்வரை தட்டினேன். என் வீட்டுக்காரர் கீழே நாற்காலியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சு நோவு பார்க்கிற நர்ஸ் தலைக்கு மேலேயே இருக்கிறாளே என்று ஓடி வந்தேன். நீ திறக்கவில்லை. தூங்கினேன் என்றாய். முந்தின நாள்தான் தண்ணீர் மோட்டாருக்காக நாம் சண்டை போட்டிருந்தோம். நீ கதவை அறைந்து சாத்திக்கொண்டு போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காதில் விழுந்தும் புரண்டு படுத்தாய் என்றுதான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். இன்னொரு தடவை அந்தக் கதவைத் தட்ட மாட்டேன், வங்கி மேனேஜரே வந்து நின்றாலும்.

வீட்டை விற்க எனக்குத் தடை இல்லை. வேறு நாள் பார். மதியம் ஒன்று முதல் மூன்று வரை பிள்ளைகள் தூங்கும். அப்போது யாரும் வரக் கூடாது.

கீழ் வீடு


மார்ச் 6, வெள்ளி

அக்காவுக்கு,

அன்றைக்குத் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். மூன்று வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இனிமேல் சொல்லப் போவதில்லை.

மதிப்பீட்டுக்காரரிடம் பேசினேன். நம் பக்கம் அவர் செவ்வாயும் வியாழனும்தான் வருவார். வரும் வியாழக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, மதியம் இரண்டு மணி காலியாக இருக்கிறது என்றார். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தூங்கும் நேரம் என்று தெரியும். ஒரே ஒருநாள், அவரைச் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடக்கச் சொல்கிறேன். அந்தச் சிவப்புப் புள்ளியையும் பிள்ளைகள் பார்க்காது.

நேற்று என் வீட்டுக்காரரோடு போனில் பேசினேன். "சாப்பிட்டியா?"ன்னு கேட்டார். "சாப்பிட்டேன், நீங்க?"ன்னு கேட்டேன். "ஆச்சு"ன்னார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு பேசுவது போல மரியாதையாகப் பேசுகிறார். சண்டை போட்டாலாவது தேவலை என்று இருக்கிறது. இதை உங்களிடம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதியதை அடிக்க மனம் வரவில்லை.

வியாழன் இரண்டு மணி. மறுக்காதீர்கள்.

மாடியிலிருந்து


மார்ச் 8, ஞாயிறு

மேல் வீட்டுக்கு,

வியாழன் இரண்டு மணி முடியாது. ஒரு பிள்ளை விழித்தால் எல்லாம் விழிக்கும். மாலையில் கூட்டிப்போக வருகிற தாய்மார்கள் "ஏங்க, இன்னைக்குத் தூங்கலையா?"ன்னு என் முகத்தைப் பார்ப்பார்கள். பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். முழித்திருக்கும் பிள்ளையை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்வார்கள்.

நீ கெஞ்சி எழுதியிருந்ததால் நானே அந்த ஆளுக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மாற்றிவிட்டேன். உனக்காகத்தான். நீ காலையில் ஏழே காலுக்கு இரும்புப் படி ஏறுவாய், செருப்பைக் கழற்றுவாய், குழாயைத் திறப்பாய், எட்டரைக்குக் கட்டில் கிரீச்சிடும், அத்தோடு சத்தம் நின்றுபோகும். எட்டு மணிக்கு வந்தால் நீ படுப்பதற்கு முன் வேலை முடிந்துவிடும். பிள்ளைகளும் ஒன்பதுக்குத்தான் வரும். மேலே நீ என்ன செய்கிறாய் என்று நான் காது கொடுத்துக் கேட்பதாக நினைத்துக்கொள்ளாதே. தளம் மெல்லிசு.

என் கொழுந்தன் அந்தக் காலத்திலேயே பேச்சில் கஞ்சன். கல்யாணமான புதிதில் நீயே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். "ஆச்சு" என்றால் அவன் மொழியில் பெரிய கடிதம். வீணாகக் குழம்பாதே.

செவ்வாய் எட்டு மணி.

கீழ் வீடு


மார்ச் 10, செவ்வாய் மாலை

அக்கா,

என்ன காரியம் செய்தீர்கள்!

உங்கள் கடிதத்தை இப்போதுதான் பார்த்தேன், எல்லாம் முடிந்த பிறகு. வியாழன் இரண்டு மணிக்கு நான் வீட்டில் விழித்திருக்க வேண்டுமே என்று சூப்பர்வைசர் கையைக் காலைப் பிடித்து இந்த வாரம் முழுக்க ஒரு மணிக்கு முடிகிற காலை டியூட்டி வாங்கியிருந்தேன். நேற்றும் இன்றும் விடியுமுன்பே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல ஓடினேன். மீட்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனிதர் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். நான் கிளம்பிப் போன சத்தம் கேட்கவில்லையா? மற்றதெல்லாம் கேட்கிறதே உங்களுக்கு!

என்னைக் கேட்காமல் நேரத்தை மாற்ற உங்களுக்கு யார் சொன்னார்கள்? உதவி செய்வதையாவது சொல்லிவிட்டுச் செய்யக் கூடாதா?

தரகர் என் டியூட்டிக்கு நடுவிலேயே போன் செய்து கத்தினார். "அந்த வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்கீங்கன்னு நெனச்சேன். ரெண்டு அரசாங்கம் இல்ல இருக்கு!" என்றார். மதிப்பீட்டுக்காரர் 'வீட்டைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை' என்று வங்கிக்கு எழுதப் போகிறாராம். இரண்டு தடவை அப்படி எழுதினால் கோப்பை மூடிவிடுவார்களாம். இது இரண்டாவது தடவை. தரகர் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்.

வந்ததிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அதுவும் உங்களுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.


மார்ச் 12, வியாழன்

சின்னவளுக்கு,

நீ நடந்தது கேட்டது. இரவு வெகுநேரம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை நீ கிளம்பியது எனக்குத் தெரியாது. காலையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன் போல. எட்டு மணிக்கு மதிப்பீட்டுக்காரரை மேலே அனுப்பிவிட்டு, உன் குழாய்ச் சத்தம் வரும் என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். வரவில்லை. உன் மேல்தான் கோபம் வந்தது. இன்றைக்கும் வேண்டுமென்றே திறக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். நல்லது செய்யப் போய் நானே கெடுத்திருக்கிறேன். அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் இப்போது அதைவிடப் பெரிய தொல்லை. இந்தத் தடவை அவர் வங்கி கொடுத்த வீட்டு வரைபடத்தைக் கையில் கொண்டுவந்திருந்தார். அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உள்ள ஒரு மாடிப்படி இருக்கணுமே, எங்க?" என்று கேட்டார். செருப்பு அலமாரியைக் காட்டினேன். "அலமாரியையா கேட்டேன்?" என்றார். அலமாரியை நகர்த்திக் காட்டினேன். சுவர். தட்டிப் பார்த்தார். "இது எப்ப கட்டினது?"ன்னு கேட்டார். "மூணு வருஷம் ஆச்சு"ன்னேன். "ஏன்?"னார். அலமாரியைத் திரும்பவும் சுவரோடு தள்ளி வைத்தேன்.

வரைபடமும் வீடும் பொருந்தாவிட்டால் வங்கி கடன் கொடுக்காதாம். அனுமதி இல்லாமல் வீட்டை இரண்டாகப் பிரித்தது ஆகிவிடுமாம். உள்படி திறந்திருந்தால்தான் அளப்பாராம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதபோது கொத்தனாரைக் கூப்பிட்டு நான் பக்கத்திலேயே நின்று கட்ட வைத்த சுவர் அது. உன் முகத்தைப் பார்க்காமல் சாகலாம் என்று கட்டியது. இப்போது உன்னை ஒரேயடியாக அனுப்பி வைப்பதற்கு அதை நானே இடிக்க வேண்டுமாம். உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

கீழ் வீடு


மார்ச் 13, வெள்ளி

அக்காவுக்கு,

சிரிப்பு வரவில்லை.

சுவர் கட்டிய அன்றைக்கு நான் மேலே படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஒவ்வொரு வரிசையாகச் செங்கல் ஏறியது. கடைசியில் வெளிச்சம் போனது. உங்கள் வீட்டுக்காரர் எனக்கும் மாமாதான், அக்கா. நான் வேலையில் சேர்ந்த முதல் மாதம் அவர்தான் பஸ் நிறுத்தம் வரை கூட வந்து ஏற்றிவிடுவார். நான் அவருக்காக அழுவதற்குக்கூட உங்கள் அனுமதி கிடைக்கவில்லை.

சரி. இதைப் பேசி இப்போது ஆகப்போவது ஒன்றும் இல்லை. கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பிள்ளைகள் இல்லாத நாள் அது ஒன்றுதான். அவரை உங்களிடம்தான் வரச் சொல்லியிருக்கிறேன். நேரத்தை நீங்கள் மாற்றினால் முதலில் மீட்டர் பெட்டியில் எழுதிப் போடுங்கள், நான் காலையும் மாலையும் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரரிடம் சுவர் விஷயத்தைச் சொன்னேன். "சரி, பார்க்கலாம். அடுத்த வருஷம் பார்த்தாலும் ஒண்ணும் ஆயிடாது" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒண்ணும் ஆயிடாதாம். இப்போது போகாவிட்டால் அவர் நான் இல்லாமல் இருக்கப் பழகிவிடுவார். பாதி பழகிவிட்டார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். என்னைப் போக விடுங்கள்.

மாடியிலிருந்து


மார்ச் 16, திங்கள்

சின்னவளுக்கு,

சுவர் போய்விட்டது. உனக்கும் சத்தம் கேட்டிருக்கும். காலையில் ஆரம்பித்த கொத்தனார் மதியத்துக்குள் முடித்துவிட்டார். அவர்தான் அன்றைக்குக் கட்டியவரும். "நல்ல கலவை போட்டுக் கட்டினேம்மா, அதான் வர மாட்டேங்குது" என்று அதிலும் ஒரு பெருமை அவருக்கு. வீடு முழுக்கத் தூசி. இரண்டு தடவை கழுவிவிட்டேன், இன்னும் பிள்ளைகள் தவழ்ந்தால் முட்டி வெள்ளையாகிறது.

ஓட்டைக்கு ஒரு திரை தொங்கவிட்டிருக்கிறேன். பிள்ளைகள் ஏறாமலிருக்கக் குறுக்கே ஒரு மரச் சட்டமும் வைத்திருக்கிறேன். சுவர் இல்லை என்பதற்காக நீ அந்த வழியாக இறங்கி வர வேண்டாம். நானும் ஏறி வர மாட்டேன். அளக்கிற ஆள் மட்டும் ஏறட்டும்.

உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு ஆசை என்று நினைக்கிறாயா? போ. தாராளமாகப் போ. நீ போகத்தான் இவ்வளவும் செய்கிறேன்.

தரகர் நேரில் வந்து கடைசி நாள் சொல்லிவிட்டுப் போனார். வியாழன், பத்தொன்பதாம் தேதி, காலை பதினொரு மணி. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு டீச்சர் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் மாற்ற முடியாது, யாருக்காகவும். கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இதே தாளைத் திருப்பி வை. வாய் வார்த்தையெல்லாம் நம் இரண்டு பேருக்கும் சரிப்படாது.


மார்ச் 17, செவ்வாய்

சரி.

ஆனால் ஒன்று. போன வாரம் எனக்காக டியூட்டியை மாற்றிக்கொடுத்த பெண்ணுக்கு நான் புதன்கிழமை இரவைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அவள் தங்கைக்குப் பிரசவம், தவிர்க்க வழியில்லை. வியாழன் காலை எட்டுக்குள் வந்துவிடுவேன். பதினொன்று வரை படுக்க மாட்டேன். கூடத்தில் நாற்காலியைப் போட்டு, உள்படிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மணியின் வயரை மாட்டிவிட்டேன். அலாரமும் வைக்கிறேன். போனும் மடியிலேயே இருக்கும்.

நீங்கள் என்னை எழுப்ப வேண்டியிருக்காது. பயப்படாதீர்கள்.


மார்ச் 19, வியாழன் மாலை

சின்னவளே,

நீ டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாய். கிளம்பும்போது உள்படி வழியாக எட்டிப் பார்த்து "வர்றேங்க்கா" என்றாய். நான் திரும்பாமல் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். காலையில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மீதி என்னிடம் இருக்கிறது.

அவர் பதினொன்றுக்கு முன்னாலேயே வந்துவிட்டார், தரகரும் கூட. கீழே அளந்து முடிப்பதற்குள் மேலே உன் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தரகர் வெளிப்படியில் ஏறி மணி அடித்தார். கீழிருந்து போனும் போட்டார். அலாரம், மணி, போன், மூன்றும் சேர்ந்து அடிக்கிறது, நீ அசையவில்லை. மதிப்பீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அம்மா, நான் எழுதிட்டுக் கிளம்புறேன்" என்று பேனாவை எடுத்தார்.

எனக்கு உள்ளுக்குள் பழைய பேய் எழுந்து உட்கார்ந்தது. பார், இன்றைக்கும் காதில் விழாத மாதிரி நடிக்கிறாள் என்று நினைத்தேன். அதே நேரத்தில் நீ எழுதியதும் நினைவுக்கு வந்தது. இவளுக்கே போக வேண்டுமே, இவள் எதற்கு நடிக்க வேண்டும்? அவ்வளவுதான். சட்டத்தைத் தள்ளிவிட்டு ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. என் முட்டிக்கு அது நடக்கிற காரியமே இல்லை.

யூனிபார்மைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்திருந்தது. போன் உன் மடியில் துள்ளிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். பிறகு இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது, கண் திறக்கவில்லை. மதிப்பீட்டுக்காரர் படியேறி வந்து, "உடம்புக்கு ஏதாவதாம்மா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றார். "ஏய், ஏய், எழுந்திருடி!" என்று கன்னத்தில் அடித்தேன். ஓங்கித்தான் அடித்தேன்.

அப்போதும் நீ கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாய். பிடித்து நாடியைத் தேடினாய். "ஏழாம் பெட்டா? பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றாய். அதற்குப் பிறகுதான் விழித்தாய். என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, அவர் வந்துட்டாரா?" என்று கேட்டாய். அளக்கிறவரைத்தான் கேட்டாய். எனக்குத்தான் அது என் வீட்டுக்காரரைக் கேட்டது போல இருந்தது. நான் விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். திமிர் என்று நினைத்திருப்பாய். நிற்க முடியவில்லை.

மடியில் போன் அடித்து, தலைக்கு மேல் மணி அடித்து, நான் உலுக்கி அடித்தே எழாதவள், அன்றைக்கு உள் அறையில், இரண்டு கதவுக்குப் பின்னால் படுத்திருந்தாய். நான் வெளிக்கதவைத் தட்டினேன். உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? நீ அன்றைக்கே சொன்னாய். மூன்று வருடமாகச் சொன்னாய். நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டாமாக இருந்தது. உன் மேல் கோபமாக இருக்கிறவரை, நீ வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று இருந்தது. யாரோ ஒருத்தி எழுந்து வராததால் போனார் என்றால் அதில் ஒரு காரணமாவது இருக்கிறது. இப்போது காரணமே இல்லை. அவர் நேரம், போய்விட்டார். இன்றைக்கு மதியம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இன்றைக்குத்தான் அவர் போனது போல இருந்தது. ஒரு பிள்ளையும் விழிக்கவில்லை.

அந்த மனிதர் மேலேயும் அளந்து முடித்துவிட்டார். எல்லாம் வரைபடப்படி இருக்கிறதாம், தேதி நெருங்குவதால் பத்து நாள் எடுக்காமல் திங்களுக்குள் அறிக்கை போய்விடுமாம். தரகர் முகத்தில் இன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். நீ என் கொழுந்தனுக்குப் போன் செய்து, வீடு பார்க்கச் சொல். "பார்க்கலாம்" என்றால் என்னிடம் போனைக் கொடு. உன் நம்பருக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டேன். அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் தரகரைத்தான் எடுக்கச் சொன்னேன்.

பத்திரப் பதிவுக்கு எந்தக் கிழமையானாலும் எனக்குச் சம்மதம். காலை நேரம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ தூங்கி எழுந்து, ஒரு வாய் சாப்பிட்ட பிறகு போவோம்.

அக்கா